ஏறிய கியரிலேயே இறங்கணும்: வயோமிங் மலைகளில் வீட்டோடு 11 நாள்

அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதமாகியும் டாலஸில் எங்கள் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. முழங்கால் வலி ஒரு காரணம். இன்னொரு காரணத்தை என் மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். சர்க்கரை இருப்பதால் மணிக்கு ஒருமுறை கழிப்பறை போக வேண்டும், நெடுந்தூரக் கார்ப் பயணத்தில் அதற்காக எல்லோரையும் நிறுத்தச் சொல்லக் கூச்சம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று நான் பேச்செடுத்தபோதெல்லாம், "நீங்க போயிட்டு வாங்கய்யா, நான் வீட்டப் பாத்துக்கிடுதேன்" என்றே சொல்லிவந்தார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார் ஹோம் எடுக்கலாம் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. மலையைப் பார்க்க அது சொகுசான வழி என்பதற்காக இல்லை. அம்மா வர ஒப்புக்கொள்ளும் வண்டி அது ஒன்றுதான்.

2023 செப்டம்பர், லேபர் டே விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு, டென்வர் வரை விமானத்தில் போய் அங்கே வண்டியை எடுத்தோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், அப்பா, அம்மா. பத்து இரவுகள், ஏறக்குறைய 1,300 மைல். கொலராடோவிலிருந்து வயோமிங், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் பூங்காக்கள், திரும்பி கோடி (Cody), தெர்மோபொலிஸ் என்ற ஊர்கள் வழியாக டென்வர். வாடகை, மைல் கட்டணம், பெட்ரோல், இரவில் வண்டி நிறுத்தும் முகாம் எல்லாம் சேர்த்து 4,300 டாலர் ஆனது. ஐந்து பேருக்கு ஹோட்டலும் பெரிய காரும் எடுத்திருந்தால் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே முடிந்திருக்கும். பணம் மிச்சம் என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அம்பாசமுத்திரம். மணிமுத்தாறு அணையைத் தாண்டி மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்களுக்கு ஏறும் அந்தக் குறுகலான மலைப்பாதையில் பல வருடம் பேருந்து ஓட்டியவர். இந்தப் பயணத்தில் அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் ஓட்டுநர்களாக என் பெயரும் மனைவி பெயரும்தான் இருந்தன. ஆனால் பதினோரு நாளும் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். நான் கற்றுக்கொண்டவற்றில் முக்கியமானது அந்த இருக்கையிலிருந்துதான் வந்தது.

வண்டி 25 அடி நீளம், கிட்டத்தட்ட 12 அடி உயரம். ஃபோர்டு இ-450 அடிச்சட்டத்தின் மேல் வீட்டைக் கட்டிவைத்த வகை. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும். அந்த அடிச்சட்டம் தாங்கும் மொத்த எடை 14,500 பவுண்டு, அதாவது ஆறரை டன்னை ஒட்டி. சாதாரண கார் உரிமமே போதும் என்பதால் பலரும் இதைப் பெரிய கார் என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்சக்கரம் இரட்டையாக இருப்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது காரு இல்லல. மினி பஸ்ஸு. அப்படி நெனச்சி ஓட்டு" என்றார்.

வண்டியைக் கையில் கொடுக்கும்போது அந்த வாடகை நிறுவனத்து ஆள் அவசர அவசரமாக இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டி முடித்தார். எந்த வால்வு எதற்கு, ஜெனரேட்டரை எப்படிக் கிளப்புவது, மின்கம்பியை எந்தப் பக்கம் செருகுவது, தண்ணீர் எங்கே ஊற்றுவது என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. மனைவி அதை முழுவதும் கைபேசியில் வீடியோ எடுத்து வைத்தாள். மூன்றாம் நாள் இருட்டில் அந்த வீடியோதான் எங்களைக் காப்பாற்றியது. நீங்கள் எடுத்தால் இன்னும் ஒன்று செய்யுங்கள்: அங்கேயே அடுப்பைப் பற்றவையுங்கள், ஹீட்டரைப் போடுங்கள், குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று பாருங்கள். எங்களுக்குக் கொடுத்த தண்ணீர்க் குழாயின் முனை ஒழுகியது. ஊர் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டினோம். காரோட்டிப் பழகிய கைக்கு மேலே ஒன்று இருப்பதே நினைவில் நிற்காது. உணவகத்தின் டிரைவ் த்ரூ, மரக்கிளை, பழைய பெட்ரோல் பங்க்கின் கூரை இவையெல்லாம் தட்டும். இன்னொன்று, பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. நீங்கள் இடப்பக்கம் ஒடித்தால் வாலுப்பக்கம் வலப்புறம் வீசும். பெட்ரோல் போட்டுவிட்டு அவசரமாக ஒடித்துக் கிளம்பினால் பம்ப்பை இடிப்பது அப்படித்தான். முதல் நாள் அப்பா பங்க்கில் இறங்கி நின்றுகொண்டு, நடத்துநர் விசில் கொடுப்பதுபோலக் கையைத் தட்டி என்னை வெளியே கொண்டுவந்தார். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஒருவர் இறங்கிப் பார்ப்பது என்று வழக்கமாக்கிக்கொண்டோம்.

முதல் இரவு ஃபோர்ட் காலின்ஸ். டென்வரிலிருந்து 65 மைல்தான். பிற்பகலில் வண்டியை வாங்கி, அரிசி பருப்பு காய்கறி ஏற்றி, படுக்கை விரித்து முடிப்பதற்குள் இருட்டிவிடும்; முதல் நாள் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. அந்த ஊர் 5,000 அடி உயரம் என்பதால் அப்பா அம்மாவின் உடம்புக்கும் ஓர் இரவு பழக்கம் கிடைத்தது. இது சரியான முடிவு.

இரண்டாம் நாள் திட்டம்தான் தப்பு. வரைபடத்தில் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து டூபாய் (Dubois) என்ற ஊர் வரை சுமார் 360 மைல், ஆறு மணி நேரம் என்று காட்டியது. கார் கணக்கு அது. லாரமி தாண்டி ஐ-80 சாலையில் மேற்கே திரும்பியதுமே காற்று பிடித்துக்கொண்டது. லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே எல்க் மலையை ஒட்டிய அந்த நூறு மைல், காற்றுக்குப் பேர்போனது. சரக்கு இல்லாத லாரிகள் அங்கே கவிழ்வது புதிதல்ல. எங்கள் வண்டியின் பக்கவாட்டு ஒரு சுவர் மாதிரி. பக்கத்திலிருந்து காற்று அறைந்தால் வண்டி ஒரு முழம் நகர்ந்துபோகிறது. பெரிய லாரி ஒன்று கடக்கும்போது முதலில் வெளியே தள்ளும், அது தாண்டியதும் உள்ளே இழுக்கும். முப்பது மைல் ஓட்டியதுமே என் தோள்பட்டை கல்லாகிவிட்டது. வேகத்தை 50 மைலுக்குக் குறைத்தேன். உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்குச் சாலை மூடப்படலாம் என்று மின்பலகை எச்சரித்துக்கொண்டே வந்தது. ராலின்ஸ் வந்ததும் அப்பா சொன்னார்: "இன்னைக்கு இது போதும்." நான் கடிகாரத்தைப் பார்த்தேன். டீட்டனில் மறுநாள் இரவுக்கு முகாம் பதிவு செய்திருந்தோம், பணம் திரும்பாது. அப்பா அதற்குப் பதிலே சொல்லவில்லை. இறங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அங்கேயே தங்கினோம். ஓர் இரவு முகாம் பணம் போனது. போகட்டும்.

வயோமிங்கில் ஓட்டுவதாக இருந்தால் மாநிலச் சாலைத்துறையின் 511 செயலியைக் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காற்று வேகம், மூடிய சாலை, பனி எல்லாம் மைல் கணக்கில் சொல்கிறது. காற்று பெரும்பாலும் காலையில் அடங்கியிருக்கும். மறுநாள் ஆறு மணிக்கே கிளம்பினோம். முந்தின நாள் எங்களை அலைக்கழித்த அதே வெளி, புல் கூட அசையாமல் கிடந்தது. ஒரு நாளைக்கு 200 மைலுக்கு மேல் இந்த வண்டியை மலைநாட்டில் ஓட்டுவதில்லை என்று அன்று முடிவெடுத்தோம். அதன்பின் திரும்பும் வழியில் சமவெளிக்கு வரும்வரை அதைத் தாண்டவில்லை.

ராலின்ஸில் டேங்க்கை நிரப்பிக்கொள்வது கட்டாயம். அங்கிருந்து 287ஆம் நெடுஞ்சாலையில் வடமேற்கே போனால் மனித வாடையே குறைவு. யுரேனியச் சுரங்கத்தால் பெருத்து, 1980களில் சுரங்கம் படுத்ததும் ஆளொழிந்துபோன ஜெஃப்ரி சிட்டி நடுவில் வருகிறது. தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு நிலப்பரப்பு வயோமிங். மொத்த மக்கள் ஆறு லட்சம்கூட இல்லை. எங்கள் பக்கம் ஒரு பெரிய ஊர்த் திருவிழாக் கூட்டம் அது. ஸ்வீட்வாட்டர் ஆற்றை ஒட்டி ஓரிடத்தில் நிறுத்தி அம்மா தயிர்சாதம் பிசைந்தார். 19ஆம் நூற்றாண்டில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஆரிகனுக்குக் குடிபெயர்ந்தவர்கள் இந்த ஆற்றோரமாகத்தான் போயிருக்கிறார்கள் என்று மகள் அங்கிருந்த பலகையைப் படித்துச் சொன்னாள். "வண்டியிலயே சமைச்சி, வண்டியிலயே தூங்கிப் போயிருப்பாவ, நம்மள மாதிரி" என்றார் அம்மா. அந்த இடத்தில் அரை மணி நேரம் என்று நிறுத்தி இரண்டு மணி நேரம் இருந்தோம்.

அன்றிரவு டூபாய். மறுநாள் டோகோட்டி கணவாய், 9,658 அடி. ஏறும்போது பிரச்சினையே இல்லை. இன்ஜின் உறுமும், வேகம் 35க்கு இறங்கும், பின்னால் வரிசை சேர்ந்தால் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும், அவ்வளவுதான். உச்சியில் அம்மாவுக்கு லேசாகத் தலை கனத்தது. தண்ணீர் குடிக்கவைத்து, அதிகம் நிற்காமல் கிளம்பினோம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் புறப்படும் முன் மருத்துவரிடம் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. தூங்கும் இடத்தின் உயரத்தைப் படிப்படியாக ஏற்றுவதும் உதவுகிறது.

இறக்கத்தில்தான் தவறு செய்தேன். மேற்குப் பக்கம் கிட்டத்தட்ட 3,000 அடி இறங்க வேண்டும். ஒரு வளைவு திரும்பியதும் டீட்டன் மலைகள் முழுதாக எதிரே நின்றன. பக்கத்தில் குன்றுகளோ அடுக்கடுக்கான சரிவோ எதுவும் இல்லாமல், சமவெளியிலிருந்து 7,000 அடி நேரே எழுந்து நிற்கும் மலை அது. டீட்டன் பிளவுக்கோட்டில் ஒரு பக்கம் உயர, மறுபக்கம் தாழ்ந்ததால் அப்படி ஆனதாம். வண்டியில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டே, காரில் செய்வதுபோல டிரைவ் கியரிலேயே விட்டு, பிரேக்கில் காலை லேசாக வைத்தபடியே இறங்கிக்கொண்டிருந்தேன். நாலைந்து மைல் போயிருக்கும்.

அப்பா ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினார். மூக்கை உறிஞ்சினார். "ஏல, பிரேக்கு கருகுது. ஒதுங்குமிடம் பாத்து நிப்பாட்டு." அவர் சொன்ன பிறகுதான் எனக்கு அந்த வாசனை தெரிந்தது. பிரேக் மிதி முன்பைவிட ஆழமாகப் போவதும் அப்போதுதான் உறைத்தது. அரை மைலில் ஓர் ஒதுங்குமிடம் வந்தது. நின்றோம். முன்சக்கரத்திலிருந்து லேசான புகை. மகள் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள், அப்பா தடுத்துவிட்டார். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விடும், தானாக ஆறட்டும் என்றார். ஒவ்வொரு சக்கரமாகப் போய், தொடாமல், புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். நாற்பது நிமிடம் அங்கேயே இருந்தோம். அந்த நாற்பது நிமிடத்தில் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அவர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இது ஒன்று நினைவிருந்தால் போதும்.

"எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்லதான் இறங்கணும். பிரேக்கு வண்டிய நிப்பாட்டத்தான். வண்டியப் பிடிச்சி வைக்க இன்ஜினு இருக்கு. கால பிரேக்குலயே வச்சிக்கிட்டு வந்தன்னா நிப்பாட்ட வேண்டிய நேரத்துல அது இருக்காது."

அவர் காலத்துக் கியர் வேறு, இந்த ஆட்டோமேட்டிக் வேறு. ஆனாலும் விஷயம் ஒன்றுதான். கியர் கம்பியின் நுனியில் டோ-ஹால் என்று ஒரு பொத்தான் இருந்தது. வாடகை ஆள் அதைக் காட்டவே இல்லை, வண்டியின் கையேட்டில்தான் பார்த்தேன். அதை அழுத்திவிட்டால், இறக்கத்தில் பிரேக்கை ஒருமுறை தொட்டதும் வண்டி தானாகக் கீழ்க்கியருக்குப் போய் இன்ஜினால் பிடித்துக்கொள்கிறது. இன்ஜின் சத்தம் ஏறும், பயப்பட வேண்டியதில்லை. சரிவு இன்னும் கடுமையாக இருந்தால் கையாலேயே கியரைக் குறைக்கலாம். அதைச் சரிவு தொடங்கும் முன்பே, உச்சியிலேயே செய்துவிட வேண்டும். வேகம் ஏறிய பிறகு கீழ்க்கியர் பிடிக்காது. அப்படியும் வேகம் கூடினால் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பத்து மைல் குறைத்து, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் பிரேக் மூச்சு விடும். லேசாக, தொடர்ந்து அழுத்துவதுதான் கெடுதல். சூடு ஏற ஏற உராயும் பட்டையின் பிடி குறையும், பிரேக் எண்ணெயும் கொதித்துவிட்டால் மிதி வெறுமனே தரைவரை போகும்.

ஆறிய பிறகு மெதுவாகக் கிளம்பி, சமதளத்தில் இரண்டு மூன்று முறை பிரேக்கைச் சோதித்துப் பார்த்துக்கொண்டேன். அன்று மாலை, டீட்டன் பூங்காவில் நாங்கள் தங்கிய கோல்டர் பேயில் ஓர் இயந்திரக்காரரிடம் காட்டியபோது பட்டைகளுக்குச் சேதமில்லை என்றார்.

கோல்டர் பேயில் தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழாய் மூன்றும் வண்டி நிற்கும் இடத்துக்கே வருகிறது. இரண்டு நாள் வீடு மாதிரி இருந்தது. காலையில் ஜாக்சன் ஏரிக்கரையில் அம்மா ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஐம்பது எட்டு நடந்தால் வண்டி இருக்கிறது என்ற நிம்மதியே அவர் முகத்தைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. டீட்டன் பூங்காவில் மூஸ்-வில்சன் சாலையிலும் சிக்னல் மலைச் சாலையிலும் இந்த வண்டிகளுக்கு அனுமதியில்லை என்பதை மட்டும் திட்டம் போடும்போதே குறித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிச் செயலி கார் என்று நினைத்து அங்கே திருப்பிவிடும்.

அங்கே ஓர் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனது. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. வெளியே இணைத்திருந்த குழாய்க்குள் தண்ணீர் பனிக்கட்டியாகியிருந்தது. பல் துலக்கவே ஒன்பது மணி வெயிலுக்குக் காத்திருந்தோம். இந்த உயரத்தில் செப்டம்பர் என்றாலே இரவில் குழாயைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, வண்டியின் உள்தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

யெல்லோஸ்டோனில் மேடிசன் முகாமில் இரண்டு இரவு. அங்கே இணைப்பு எதுவும் கிடையாது. பூங்காவுக்குள் மூன்று இணைப்பும் உள்ளது ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். அங்கே கரடி நடமாட்டம் என்பதால் கூடாரம் போட அனுமதி இல்லை, கெட்டிச் சுவர் உள்ள வண்டிகள் மட்டும். இரண்டுக்கும் பல மாதம் முன்பே பதிவு செய்தாக வேண்டும்.

இணைப்பு இல்லாத இடத்தில்தான் இந்த வீடு எப்படி இயங்குகிறது என்று புரிந்தது. சுவரில் உள்ள மின்துளைகள் ஜெனரேட்டர் ஓடினால்தான் வேலை செய்யும். அதை காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரைதான் ஓட்டலாம். விளக்கும் தண்ணீர்ப் பம்ப்பும் பேட்டரியில் ஓடும். அடுப்பு, வெந்நீர், ஹீட்டர் மூன்றும் புரோப்பேன் கேஸ். ஆனால் ஹீட்டரின் காற்றாடிக்குப் பேட்டரி வேண்டும், அது நிறையத் தின்னும். முதல் இரவு இருபத்திரண்டு டிகிரியில் வைத்துப் படுத்தோம், அதிகாலை நான்கு மணிக்குப் பேட்டரி இறங்கி எல்லாம் நின்றுவிட்டது. அம்மாவுக்கு என் ஜாக்கெட்டையும் போர்த்தினோம். மறுநாள் மாலை ஆறிலிருந்து எட்டு வரை ஜெனரேட்டரை ஓட்டிப் பேட்டரியை நிரப்பி, ஹீட்டரைப் பதினாறு டிகிரியில் வைத்து, ஆளுக்கு ஒரு கம்பளி கூடுதலாகப் போட்டுப் படுத்ததும் விடியும்வரை தாங்கியது. பெட்ரோல் கால் டேங்க்குக்குக் கீழே போனால் ஜெனரேட்டர் நின்றுவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

சமையல் பற்றி. மேடிசன் 6,800 அடி. அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆயிரம் அடிக்கு ஒரு டிகிரி வீதம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். கொதிக்கிறது, ஆனால் பருப்பு வேகாது. முதல் நாள் பாத்திரத்தில் போட்ட துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கழித்தும் கல்லாகவே இருந்தது. அம்மா மூன்று லிட்டர் குக்கரைப் பெட்டிக்குள் சேலைக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தார். வீட்டில் மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து. மிக்ஸிக்கு வேலையில்லை, பொடிகளாக அரைத்து எடுத்துப் போனது நல்லதாயிற்று. தயிருக்கு உறை ஊற்றினால் குளிரில் பாலாகவே நிற்கும். பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள படுக்கையில், சூடு மேலே தங்கும் இடத்தில் வைத்தார். மறுநாள் மதியம் உறைந்திருந்தது.

நம் சமையலுக்குத் தண்ணீரும் அதிகம் வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. அரிசி களைந்த நீர், பாத்திரம் கழுவிய நீர் எல்லாம் ஒரு தொட்டியில் சேர்கிறது. இணைப்பில்லாத இடத்தில் அது இரண்டே நாளில் நிரம்பிவிடும், பிறகு குளிக்கும் இடத்தில் எதிர்த்து வரும். எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் மிச்சம். குளிக்க ஆளுக்கு மூன்று நிமிடம். கழிப்பறைத் தொட்டியை எல்லோரும் அருவருப்பாகப் பேசுகிறார்கள். கையுறை போட்டால் பத்து நிமிட வேலை. அதன் வால்வை எப்போதும் மூடியே வைத்திருங்கள், முக்கால் பங்கு நிறைந்த பிறகு திறந்தால்தான் ஒழுங்காக வடியும். முதலில் கழிப்பறைத் தொட்டி, அடுத்து கழுவிய நீர்த் தொட்டி. இந்த வரிசையில் திறந்தால் இரண்டாவது நீரே குழாயைக் கழுவிவிடும்.

யெல்லோஸ்டோனின் அதிசயங்களை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1872இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் பீறிடும் ஊற்று ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை பொங்குகிறது, அடுத்தது எப்போது என்று பலகையில் போடுகிறார்கள். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றின் வாகன நிறுத்தம் சின்னது. எங்கள் நீளத்துக்குக் காலை எட்டுக்கு முன் போனதால்தான் இடம் கிடைத்தது. மரப்பலகை நடைபாதையை விட்டு ஓர் அடியும் இறங்கக் கூடாது, பிள்ளைகள் கையை விடக் கூடாது. மண்போலத் தெரிவது வெறும் மேலோடு, அடியில் கொதிநீர். வெந்து இறந்தவர்கள் இந்தப் பூங்காவின் வரலாற்றில் இருபதுக்கும் மேல்.

எனக்கு நெஞ்சில் நிற்பவை வேறு இரண்டு. ஒன்று, கிரெய்க் கணவாயில் ஐசா ஏரி. அல்லி இலை மிதக்கும் சின்னக் குட்டை, சாலையோரம். கண்டத்தின் நீர்ப்பிரிமேட்டின் மேலேயே இருப்பதால் இருபக்கமும் வழிகிறது. ஒரு பக்கத்து நீர் ஃபயர்ஹோல், மேடிசன், மிசூரி, மிசிசிப்பி என்று மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். மறுபக்கத்து நீர் ஸ்னேக், கொலம்பியா வழியாகப் பசிபிக்குக்கு. மேற்குப் பக்கம் வழிவது சுற்றிக் கிழக்கே போகிறது, கிழக்குப் பக்கம் வழிவது மேற்கே போகிறது என்பது இன்னும் விசேஷம். அப்பா அங்கே வெகுநேரம் நின்றார். பேத்தியைக் கூப்பிட்டு, பொதிகையில் இந்தப் பக்கம் விழும் மழை தாமிரபரணியாகிப் புன்னைக்காயலில் கடல் சேரும், அந்தப் பக்கம் விழுவது கேரளா வழியாக அரபிக்கடலுக்குப் போகும் என்று கையால் மலை வரைந்து காட்டினார். நான் சின்னப் பையனாக இருந்தபோது மாஞ்சோலைப் பேருந்தின் முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டது அது. மகளுக்கு அதுவரை தாமிரபரணி என்பது ஆச்சி வீட்டுக்குப் பக்கத்து ஆறு, அவ்வளவுதான்.

இன்னொன்று, மேடிசன் முகாமில் அதிகாலை. செப்டம்பரில் எல்க் மான்களுக்கு இணைசேரும் பருவம். ஆண் மான் எழுப்பும் குரல், அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து, புல்லாங்குழலை வேகமாக ஊதியதுபோல மெல்லிசாகக் கிளம்பி உச்சிக்குப் போய் உறுமலில் முடிகிறது. அம்மாதான் முதலில் கேட்டு எங்களை எழுப்பினார். விளக்கைப் போடாமல் ஐந்து பேரும் ஒரே ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். ஆற்றோரம் பனிமூட்டத்துக்குள் கொம்பு மட்டும் நகர்ந்துபோனது. ஹோட்டலில் தங்கியிருந்தால் இது கிடைத்திருக்காது. மான், காட்டெருமையிடமிருந்து 25 கஜம், கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம் விலகியிருப்பது விதி. சாப்பாட்டுப் பாத்திரம், குப்பை, எண்ணெய்ப் பாட்டில் எதையும் வெளி மேசையில் விட்டுவைக்கக் கூடாது. பெருங்காயம் தாளித்த வாசனை காட்டில் வெகுதூரம் போகும், கரடியின் மூக்குக்குச் சொல்லவே வேண்டாம். அதனால் ஜன்னலைச் சாத்தி உள்ளேயே சமைத்து, உள்ளேயே கழுவினோம்.

ஃபிஷிங் பிரிட்ஜில் ஓர் இரவு தங்கி, கிழக்கு வாசல் வழியாக வெளியேறினோம். அந்த வழியில் சில்வன் கணவாய், 8,524 அடி. அங்கிருந்து வாசல் வரை ஏழு மைலில் 1,500 அடிக்கு மேல் இறக்கம். உச்சியில் நிறுத்தி, பொத்தானை அழுத்தி, கியரைக் குறைத்து, பிறகுதான் நகர்ந்தேன். இன்ஜின் உறுமிக்கொண்டே வந்தது. வேகம் 30க்கு மேல் போகவில்லை, பிரேக்கை மொத்தமாக ஆறேழு முறைதான் தொட்டிருப்பேன். பாதி இறக்கத்தில் ஏதாவது சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். அப்பா இருக்கைப் பட்டையில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கோடி தாண்டித் தெர்மோபொலிஸில் ஒரு வெந்நீர் ஊற்றுக் குளியலறை இருக்கிறது, மாநில அரசு நடத்துவது, இருபது நிமிடக் குளியலுக்குக் காசு கிடையாது. ஷொஷோனி, அரபஹோ பழங்குடி மக்கள் 1896இல் அந்த ஊற்றை விற்றபோது பொதுமக்களுக்கு இலவசமாக இருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தோடு வந்தது, இன்றுவரை அப்படியே. நீர் 104 ஃபாரன்ஹீட்டில் வைத்திருக்கிறார்கள். அம்மா முழங்கால் மூழ்க உட்கார்ந்து, நேரம் முடிந்ததும் எழ மனமில்லாமல் எழுந்தார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் அப்பாவை ஐந்து நிமிடத்தில் வெளியே வரச்சொல்லிவிட்டோம். அங்கிருந்து தெற்கே விண்ட் ரிவர் பள்ளத்தாக்கு; பாறை அடுக்குகளின் பெயரையும் வயதையும் சாலையோரம் பலகை வைத்து எழுதியிருக்கிறார்கள், மகள் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். அதன்பின் காஸ்பர், ஐ-25, இன்னோர் இரவு, டென்வர். அந்தப் பகுதியில் சொல்ல ஒன்றுமில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் நான் சாவியையும் காகிதங்களையும் எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா இறங்கி, முன் இடது சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகப் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தார். அலுவலகத்துப் பெண் என்னவென்று விசாரித்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. என்னைப் பார்த்து, "எல்லாம் ஒண்ணு போலதான் இருக்கு, குடுத்திரு" என்றார்.